பாலூட்டும் தாய்க்கு வலி மாத்திரை: மரபணுப் பரிசோதனையை எப்போது, எப்படிச் செய்துகொள்வது

சிசேரியன் ஆன தாய்க்குத் தையல் வலி இருக்கத்தான் செய்யும். அந்த வலியைத் தணிக்காமல் விட்டால் அவளால் நிமிர்ந்து உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுக்க முடியாது. பால் கொடுப்பது தள்ளிப்போகப் போக, பால் சுரப்பதும் குறையும். ஆகவே, பால் கொடுக்கிற பெண் மாத்திரையே தொடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. வலி மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கையில் கிடைத்ததை விழுங்குவதையும் ஏற்பதில்லை. சில மாத்திரைகள் தாயின் உடலுக்குள் போய் என்னவாக மாறுகின்றன, எவ்வளவு மாறுகின்றன என்பதை அவளுடைய மரபணு தீர்மானிக்கிறது. அதைப் பிரசவத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் நான், ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த மாத்திரைக்கு இந்தப் பேச்சு

கோடீன், டிரமடால் என்ற இரண்டு மருந்துகளைப் பற்றியதே இந்தப் பரிசோதனை. இரண்டும் அபின் வகையைச் சேர்ந்தவை. கோடீன் தன்னளவில் வலுவற்ற மருந்து. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 (CYP2D6) என்ற நொதி அதில் ஒரு சிறு பகுதியை, சாதாரணமாக நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை, மார்ஃபினாக மாற்றுகிறது. வலியைக் குறைப்பது அந்த மார்ஃபின்தான். டிரமடாலையும் இதே நொதிதான் அதைவிட வலுவான வேறொரு பொருளாக மாற்றுகிறது. இந்த நொதிக்கான மரபணு 22-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதில் இரண்டு பிரதிகள் இருக்கும். சிலருக்கு மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். இன்னும் சிலருக்கு இரண்டு பிரதிகளும் வேலை செய்யாதவையாக இருக்கும். கூடுதல் பிரதி உள்ள பெண்ணின் உடலில் அதே மாத்திரையிலிருந்து அதிக மார்ஃபின், அதிக வேகத்தில் உருவாகி, பாலிலும் கலக்கிறது. வேலை செய்யாத பிரதிகள் உள்ள பெண்ணுக்கு அதே மாத்திரையால் வலி பெரிதாகக் குறைவதில்லை.

பிறந்த சில நாட்களே ஆன குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மார்ஃபினை வெளியேற்றும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. அதனால் அது உடலில் தங்கித் தங்கிச் சேர்ந்து, மயக்கத்தையும் மூச்சுத் தளர்வையும் உண்டாக்கக்கூடும். கனடாவில் கோடீன் எடுத்துக்கொண்ட தாயிடம் பால் குடித்த 13 நாள் குழந்தை இறந்ததைப் பற்றி, 2006-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட குறிப்பு இந்த விஷயத்தை உலகம் முழுக்கப் பேசவைத்தது. பின்னாளில் வல்லுநர்கள் அந்தக் குறிப்பையே கேள்விக்குள்ளாக்கினார்கள். அவ்வளவு மருந்து பால் வழியாகப் போயிருக்க முடியாது என்று வாதிட்டார்கள். அதே சம்பவம் குறித்துக் கனடா இதழ்களில் வந்த கட்டுரைகள் 2020-இல் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே அந்த ஒரு சம்பவத்தை வைத்து யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனாலும் ஐரோப்பிய மருந்து முகமை 2013-இலும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இலும் பாலூட்டும் தாய்மாருக்குக் கோடீன் வேண்டாம் என்றன, எஃப்.டி.ஏ. டிரமடாலையும் அதே அறிவிப்பில் சேர்த்தது. தாயின் மரபணு எதுவாக இருந்தாலும் இந்த அறிவுரை பொருந்தும் என்பதை இங்கேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பரிசோதனையின் பயனைச் சரியாக எடைபோட இது தேவைப்படும்.

நம் பக்கத்தில் கோடீன் பெரும்பாலும் இருமல் மருந்தில்தான் வருகிறது. வலிக்கு எழுதப்படுவது டிரமடால். அதுவும் தனியாக வராமல் பாராசிட்டமாலோடு சேர்ந்து வருவதால், பலர் அதைக் காய்ச்சல் மாத்திரையின் அண்ணன் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். 'தம்பி, பொண்ணுக்குத் தையல் வலி தாங்கல, போன தடவை குடுத்தாங்களே அந்த வலி மாத்திரை, அதுல ரெண்டு குடு' என்று வெறும் அட்டையை நீட்டும் அம்மாக்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிப்பதுதான் நான் சொல்லக்கூடிய முதல் வேலை. பெயருக்குக் கீழே, 'டிரமடால் ஹைட்ரோகுளோரைடு 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.' என்பதுபோல ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் டிரமடால் என்றோ கோடீன் என்றோ இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் அதைக் கேட்பதும் கொடுப்பதும் தவறு.

பரிசோதனை யாருக்குப் பயன்படும்

கோடீனும் டிரமடாலும் இல்லாமலேயே பெரும்பாலான தாய்மாரின் வலியைச் சமாளிக்க முடியும் என்பதால், எல்லாக் கர்ப்பிணிகளும் கடன் வாங்கியாவது இந்தப் பரிசோதனையைச் செய்தாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சிசேரியன் என்று முன்பே தீர்மானமானவர்கள், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா போன்றவற்றால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை எடுக்க முடியாதவர்கள், முந்தைய அறுவை சிகிச்சையின்போது டிரமடால் போட்டதும் எழுந்திருக்க முடியாத அளவுக்கு மயங்கிக் கிடந்தவர்கள் அல்லது எத்தனை போட்டும் வலி குறையவில்லை என்று சொன்னவர்கள், தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ அப்படி நேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கு இதன் பயன் அதிகம். அதிவேகமாக மாற்றும் உடல்வாகு எத்தியோப்பியா, வட ஆப்பிரிக்கா, அரபு நாடுகளில் மிகுதியாகவும், சீனாவிலும் ஜப்பானிலும் அரிதாகவும் காணப்படுகிறது. தென்னிந்தியர்களிடம் இந்த மரபணு எப்படி வேறுபடுகிறது என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஊர், சாதி, குடும்பம் ஆகியவற்றை வைத்து ஒரு தனிப் பெண்ணின் மரபணுவை ஊகிக்க முடியாது.

எப்போது செய்வது

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பரிசோதனை முடிவு பிரசவத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் அறிக்கை திரும்பிவர இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம். அறுவை முடிந்து, வலியில் துடிக்கும்போது மாதிரி கொடுத்தால், மாத்திரை தேவைப்படும் நாட்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் அறிக்கை வரும். அதனால் ஆறாம், ஏழாம் மாதத்திலேயே செய்துவிடுவது நல்லது. இது வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். மரபணு கர்ப்பத்தாலோ வயதாலோ மாறாது. நொதியின் வேகம் மட்டும் கர்ப்ப காலத்தில் கூடி, பிரசவத்துக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே, கர்ப்பமாக இருக்கும்போது ஒரு மாத்திரை எப்படி வேலை செய்தது என்பதை வைத்துப் பிறகும் அப்படியே இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நம் அரசு மருத்துவமனைகளில் இது வழக்கமான பரிசோதனை அல்ல. முதலில் நீங்கள் மாதாந்திரச் சோதனைக்குப் போகிற மகப்பேறு மருத்துவரிடம், அது ராயபுரத்து அரசு மகப்பேறு மருத்துவமனையான ஆர்.எஸ்.ஆர்.எம்.-ஆக இருந்தாலும் தெருமுனைத் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், 'எனக்கு சிஒய்பி2டி6 மரபணுப் பரிசோதனை தேவையா' என்று நேரடியாகக் கேளுங்கள். தேவை என்று அவர் கருதினால் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே தனியார் ஆய்வகத்தின் மாதிரி சேகரிப்பு மையத்துக்குப் போங்கள். கர்ப்பிணிக்கு மரபணுப் பரிசோதனை என்றதும் வீட்டில் சந்தேகம் எழலாம். இது தாயின் மரபணுவை மட்டும் பார்ப்பது; வயிற்றில் உள்ள குழந்தையைப் பற்றி இதில் எதுவும் தெரியாது. பாலினம் கண்டறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அந்தச் சட்டத்துக்கும் இந்தப் பரிசோதனைக்கும் தொடர்பில்லை. மாமியாருக்கும் கணவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீண் பேச்சு வராது.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது, மரபணுவின் பிரதி எண்ணிக்கையையும் பார்ப்பீர்களா என்பதுதான். சிஒய்பி2டி6 மரபணுவுக்குப் பக்கத்திலேயே, வேலை செய்யாத ஆனால் தோற்றத்தில் மிகவும் ஒத்த இன்னொரு மரபணு இருப்பதால், இதை ஆராய்வது எளிதல்ல. மரபணுக் குறியீட்டில் உள்ள எழுத்து மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு, எத்தனை பிரதிகள் என்று எண்ணாமல் விடும் பரிசோதனை, அதிவேகமாக மாற்றும் பெண்ணையும் 'சாதாரணம்' என்று சொல்லிவிடும். பாலூட்டும் தாய்க்கு ஆபத்து அந்தக் கூடுதல் பிரதியில்தான் இருக்கிறது. உணவு, உடற்பயிற்சி, முடி உதிர்தல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கப்படும் மரபணுப் பரிசோதனைகளில் பிரதி எண்ணிக்கை இல்லாமல் போகலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கிவிடாதீர்கள். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். என்ற தரச்சான்று அமைப்பின் அங்கீகாரம் உண்டா, அறிக்கை எத்தனை நாளில் வரும், மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பவற்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதிரி கொடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. ரத்தம் எடுப்பார்கள், அல்லது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், அல்லது எச்சிலைக் குப்பியில் துப்பச் சொல்வார்கள். எச்சிலோ கன்ன மாதிரியோ என்றால், அதற்கு முந்தைய அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமலும் குடிக்காமலும் வெற்றிலை பாக்கு போடாமலும் இருக்க வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, எப்போதாவது எலும்பு மஜ்ஜை மாற்று செய்திருந்தாலோ அதை ஆய்வகத்திடம் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொடையாளரின் மரபணு உங்கள் முடிவில் கலந்துவிடக்கூடும்.

அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் '*1/*4' என்பது போல நட்சத்திரக் குறியோடு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. *1, *2 ஆகியவை நன்றாக வேலை செய்பவை. *4 வேலை செய்யாதது. *5 என்றால் அந்த இடத்தில் மரபணுவே இல்லை. *10 மிகக் குறைவாக வேலை செய்வது. எண்ணுக்குப் பின்னால் '×2' என்பது போலப் பெருக்கல் குறி இருந்தால், அந்தப் பிரதி இரட்டிப்பாக இருக்கிறது என்று பொருள். இவற்றைக் கூட்டி ஒரு மதிப்பெண்ணும் தருவார்கள். பன்னாட்டு வழிகாட்டுதலின்படி அந்த மதிப்பெண் 2.25-க்கு மேல் போனால் அதிவேகமாக மாற்றும் உடல், 1.25 முதல் 2.25 வரை சாதாரணம். அதற்குக் கீழே மந்தம். பூச்சியம் என்றால் மாற்றமே நடக்காது. எடுத்துக்காட்டாக, '*1/*2×2' என்று இருந்தால் மதிப்பெண் 3; அந்தப் பெண்ணுக்குக் கோடீனும் டிரமடாலும் பிரசவத்தின்போது மட்டுமல்ல, வாழ்நாள் முழுக்கவே வேண்டாம். பூச்சியம் வந்தவர்களுக்கும் இவை வேண்டாம், ஆனால் காரணம் வேறு: வலி பெரிதாகக் குறையாது. வலி குறையவில்லையே என்று இன்னொரு மாத்திரை போடுவதும் கூடாது, ஏனெனில் மாற்றமடையாத டிரமடாலுக்கும் வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் உண்டு.

'சாதாரணம்' என்று வந்த அறிக்கையைத்தான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது அனுமதிச் சீட்டு அல்ல. பச்சிளம் குழந்தையின் உடல் மருந்தை வெளியேற்றும் வேகம், குழந்தை குறைமாதமா, தாய் எத்தனை நாள் எவ்வளவு எடுத்தாள் என்பவை எல்லாம் இந்த அறிக்கையில் இல்லை. மேலும், தாய் வேறு மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தால் மரபணு ஒன்று சொல்ல, உடல் வேறொன்று செய்யும். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்செடின், பராக்செடின், புப்ரோபியான் ஆகியவை இந்த நொதியை முடக்கிவிடும். அவற்றோடு டிரமடால் சேர்ந்தால் வலிப்பு வரும் ஆபத்தும் கூடுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

அறிக்கையை உரியவர் கண்ணில் படவைப்பது

அறிக்கை அலமாரியில் கிடந்தால் பயனில்லை. நம் குடும்பங்களில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வியாசர்பாடியில் மாதாமாதம் காட்டிவந்த பெண் ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்து எண்ணூருக்கோ திண்டிவனத்துக்கோ போய்விடுகிறாள். பிரசவம் பார்க்கிற மருத்துவர் அவளை முதன்முதலாக வலியோடுதான் பார்க்கிறார். அந்த அவசரத்தில் யாரும் பழைய கோப்பைப் புரட்டமாட்டார்கள். எனவே கர்ப்பிணி அட்டையின் முன்பக்கத்திலேயே, ரத்த வகை எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 'கோடீன், டிரமடால் தரக்கூடாது: சிஒய்பி2டி6 அதிவேகம்' என்று உங்கள் மருத்துவரைக் கொண்டே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அறிக்கையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்து, கூட இருக்கப்போகிற அம்மாவுக்கோ அக்காவுக்கோ அனுப்பிவிடுங்கள். சிசேரியன் என்றால் மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்; அறுவைக்குப் பிந்தைய வலி மருந்தைப் பெரும்பாலும் முடிவுசெய்பவர் அவர்தான். வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள மாத்திரைப் பெயர்களையும் அங்கேயே ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சரி, வலிக்கு என்னதான் எடுப்பது? பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. இரண்டும் பாலூட்டும் தாய்மாருக்கு முதலில் தரப்படுபவை. இரண்டுக்கும் இந்த நொதி தேவையில்லை. மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, வலி தலைதூக்கும் வரை காத்திராமல் எடுத்தால், இரண்டும் சேர்ந்து நல்ல நிவாரணம் தரும். நாளொன்றுக்குப் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக்கூடாது, 650 மி.கி. மாத்திரை போடுகிறவர்கள், வேறு கூட்டு மாத்திரையில் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டைக்ளோஃபெனாக்கும் மருத்துவமனைகளில் வழக்கமாகத் தரப்படுவதே. ஆஸ்பிரினை வலிக்காக எடுக்க வேண்டாம். இவற்றை மீறிய வலிக்கு மருத்துவமனையிலேயே குறைந்த அளவு மார்ஃபின் தரப்படலாம். அதை உருவாக்க நொதி தேவையில்லை என்பதால், எவ்வளவு கொடுக்கிறோம் என்பது மருத்துவருக்குத் தெரியும், குழந்தையும் அவர்கள் பார்வையிலேயே இருக்கும். தையல் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். நான்காம், ஐந்தாம் நாளில் அது கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, வலுவான மாத்திரை தேடிக் கடைக்கு வராதீர்கள். மருத்துவமனைக்குத் திரும்பிப் போங்கள்.

டிரமடால் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால்

பதற வேண்டாம், பாலை நிறுத்தவும் வேண்டாம். டிரமடால் பாலில் குறைந்த அளவே கலக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மருத்துவர் இரண்டொரு நாளுக்கு எழுதியிருந்தால், அவரிடம் அழைத்துப் பேசி மாற்று கேட்டு, அதுவரை குழந்தையைக் கூர்ந்து கவனியுங்கள். முதல் மூன்று நாட்கள் சீம்பால் சிறிதளவே சுரப்பதால் குழந்தைக்குப் போகிற மருந்தும் சொற்பம். மூன்றாம், நான்காம் நாளில் பால் கட்டத் தொடங்கும்போது அளவு கூடுகிறது. தனியார் மருத்துவமனைகளில் பலரும் வீட்டுக்கு அனுப்பப்படுவது அந்த நாட்களில்தான். செவிலியரின் பார்வை விலகுகிற அதே நேரத்தில் மருந்து கூடுவதால், வீட்டில் இருப்பவர்கள் அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பச்சிளம் குழந்தை தூங்கும், அது இயல்பு. ஆனால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு விழிக்கும். உள்ளங்காலைத் தேய்த்தும், துணியை விலக்கியும், ஈரத்துணியால் முகம் துடைத்தும் விழிக்காத குழந்தை, மார்பில் வாயை வைத்து இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு உடனே துவண்டுவிடுகிற குழந்தை, கையைத் தூக்கிவிட்டால் துணிபோல விழுகிற குழந்தை இயல்பாக இல்லை. மூச்சை எண்ணிப் பாருங்கள்: குழந்தை தூங்கும்போது வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 30-க்குக் குறைந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போகும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். 'தாய் டிரமடால் எடுத்தாள்' என்ற சொல் மருத்துவர் காதில் விழுந்தால், அபின் வகை மருந்தின் விளைவை முறிக்கும் நாலோக்சோனைப் பற்றி அவர் உடனே யோசிப்பார். தாயே பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகித் தூங்கிவிழுந்தால், அதையும் குழந்தைக்கான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற அசதி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிரசவம் முடிந்த பிறகும் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். வாந்திக்குத் தரப்படும் ஒண்டன்செட்ரான், சில மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவையும் இந்த நொதியைச் சார்ந்தவை என்பதால், அடுத்த அறுவை சிகிச்சைக்கோ அடுத்த பிரசவத்துக்கோ அது மறுபடி உதவும். அதிவேகம் என்று வந்திருந்தால், அதன் நகலை உடன்பிறந்தவர்களுக்கும் கொடுங்கள். அவர்களுக்கும் அதே மரபணு இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு டான்சில் அறுவை சிகிச்சை என்று ஒருநாள் வந்தால், மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டிய தாள் அது.